மூங்கிலில் சுற்றிய கம்பி

குனோங் ராபாட், ஈப்போ
12.3.1978

அன்புள்ள ஜெயபாலன் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் முதல் கடிதம் கிடைத்தது. கட்டிக்கொள்ளப் போகிறவரின் பெயரைச் சொல்லவும் கூடாது, எழுதவும் கூடாது என்று அண்ணி நல்லம்மாள் சொல்கிறார். உறையின்மேல் எழுதாவிட்டால் தபால்காரர் யாரிடம் கொண்டுபோய்க் கொடுப்பார் என்று கேட்டேன். அண்ணி அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார். அதனால் உள்ளேயும் எழுதிவிட்டேன்.

சரவாக்கில் நீங்கள் இருக்கும் ஆற்றங்கரையில் தமிழ் பேச ஒருவரும் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். பள்ளியின் வானொலிப் பெட்டி வெள்ளத்தில் நனைந்து செத்துப்போனதால் பிள்ளைகள் கல்வி ஒலிபரப்பைக் கேட்க முடியவில்லை, வேறு பெட்டி கேட்டு எழுதிப்போட்டுக் காத்திருக்கிறேன் என்றும் எழுதியிருந்தீர்கள். காத்திருக்க வேண்டாம். நீங்களே ஒன்றைச் செய்துவிடலாம். நான் சொல்லித் தருகிறேன்.

தை மாதம் நமக்கு நிச்சயம் செய்தபோது உடையப்பன் அண்ணன், "தங்கச்சி ஜெலாப்பாங்குல ஃபேக்டரி வேலைக்குப் போவுது" என்று மட்டும் சொன்னார். என்ன வேலை என்று உங்கள் வீட்டார் யாரும் கேட்கவில்லை. மின் தகடுகளில் உதிரி பாகங்களை ஈயம் வைத்து ஒட்டுவது என் வேலை. நான் ஒட்டினால் விட்டுப்போகாது. போன வருடம் ஈப்போ நூலகத்தில் ஓர் ஆங்கிலப் பத்திரிகையில் சிற்றலை வானொலியின் படம் பார்த்தேன். பாதி புரிந்தது. மீதியைச் செய்து பார்த்துத் தெரிந்துகொண்டேன். அந்தப் படத்தில் சொன்ன பெரிய பேட்டரி இங்கே கிடைக்காது. டார்ச் லைட் பேட்டரியில் ஓடும்படி மாற்றினேன். இப்போது சமையலறை அலமாரிமேல் இருக்கிறது. கொழும்பும் கேட்கிறது, இந்தியாவும் கேட்கிறது.

உங்களுக்கு வேண்டியது பெரிதும் சின்னதுமாக இரண்டு கம்பிச் சுருள்கள், நிலையம் பிடிக்க ஒரு சுழல் கண்டென்சர், ஒரு டிரான்சிஸ்டர், காதில் வைத்துக் கேட்க ஒரு குமிழ். எல்லாவற்றையும் பொட்டலமாக அனுப்பியிருக்கிறேன். படமும் உள்ளே இருக்கிறது. சுருள்களை மட்டும் நீங்கள்தான் சுற்ற வேண்டும். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
நவமணி

*

பாராம் ஆறு, சரவாக்
9.4.1978

அன்புள்ள நவமணிக்கு,

நலம். அங்கு அனைவரின் நலமும் அறிய ஆவல். உங்கள் பொட்டலம் கப்பலில் வந்து, பிறகு மாருடியிலிருந்து படகில் வந்து, கடைசியில் ஒரு பன்றிக்குட்டிக்கும் அரிசி மூட்டைக்கும் நடுவில் என் கைக்கு வந்து சேர்ந்தது. ஒன்றும் உடையவில்லை. இப்படிப் பொட்டலம் கட்டத் தெரிந்தவரைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று பெருமையாக இருந்தது.

படத்தில் உள்ளபடியே செய்தேன். நான் கணக்கு வாத்தியார். ஒரு சுற்றுகூடத் தப்பவில்லை. தகரக்கம்பி வைத்து, ஈயத்தை அடுப்பில் உருக்கி ஒட்டினேன். வானக்கம்பியைப் பள்ளிக்கூரையிலிருந்து தென்னைமரம் வரை இழுத்துக் கட்டியிருக்கிறேன். பிள்ளைகள் எல்லாரும் சுற்றி உட்கார்ந்தார்கள். குமிழைக் காதில் வைத்தேன். ஒன்றுமே கேட்கவில்லை. இரைச்சல்கூட இல்லை. பிள்ளைகள் மரியாதைக்காகக் கொஞ்சநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு ஆற்றில் குதிக்கப் போய்விட்டார்கள்.

எங்கே தவறு என்று தெரியவில்லை. சுருளை நல்ல கனமான மைலோ டின்னில்தான் சுற்றினேன். அதைவிட உருண்டையான பொருள் இங்கே கிடையாது.

கோபித்துக்கொள்ளாமல் எழுதவும்.

அன்புடன்,
ஜெயபாலன்

*

குனோங் ராபாட்
30.4.1978

அன்புள்ள ஜெயபாலன் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில் அண்ணி அடுப்பை விட்டு வந்து பார்த்தார். மன்னிக்கவும். தகர டின்னில் சுற்றினால் வருகிற அலையை எல்லாம் தகரமே தின்றுவிடும். மரம், பிளாஸ்டிக், அட்டை எதுவானாலும் சரி, உலோகம் மட்டும் கூடாது. இதை நான் படத்திலேயே எழுதியிருக்க வேண்டும். யாரும் டின்னில் சுற்றுவார்கள் என்று தோன்றவில்லை.

உங்கள் ஊரில் மூங்கில் இல்லாமலா இருக்கும். நன்றாகக் காய்ந்த மூங்கில் குழாயில் சுற்றுங்கள். சின்னச் சுருளின் வேலை, பெருகிய அலையில் கொஞ்சத்தை எடுத்துப் பெரிய சுருளுக்குத் திருப்பி ஊட்டுவது. அதை நெருக்கமாகக் கொண்டுவந்தால் பெட்டி ஊளையிட வேண்டும். ஊளையிடாவிட்டால் சின்னச் சுருளின் இரண்டு நுனிகளையும் மாற்றி ஒட்டுங்கள். ஊளை அடங்கும் இடத்தில்தான் நிலையங்கள் எல்லாம் இருக்கும். கையைப் பக்கத்தில் கொண்டுபோனால் நிலையம் ஓடிவிடும். கண்டென்சரைத் திருகும் பிடியில் நீளமாக ஒரு மரக்குச்சி கட்டித் தூர இருந்து திருப்புங்கள்.

பழைய பெட்டியின் ஸ்பீக்கரைக் கழற்றிக் காயவையுங்கள். அதை ஓட்ட இன்னும் இரண்டு டிரான்சிஸ்டர் இத்துடன் வருகின்றன. வகுப்பு முழுக்கக் கேட்கலாம்.

போன ஞாயிறு உங்கள் அம்மா காம்பாரிலிருந்து வந்திருந்தார். நல்லபடியாகப் பேசிக்கொண்டிருந்தார். புறப்படும்போது, "கல்யாணத்துக்கு முந்தியே வேலையெ விட்டுருவேதானேம்மா? அஞ்சாறு மாசமாச்சும் வீட்டுல இருந்தா மொகம் தெளியும்லா" என்றார். "மொகம் இப்பவே தெளிவாத்தான் இருக்கும்மா" என்றேன். அண்ணிக்கு இருமல் வந்துவிட்டது. இதைப்பற்றி உங்கள் எண்ணம் என்ன என்று எழுதுங்கள்.

இப்படிக்கு,
நவமணி

*

பாராம் ஆறு
11.6.1978

அன்புள்ள நவமணி,

பேசிவிட்டது.

முதலில் மூங்கில் ஏமாற்றியது. இங்கே மழையும் ஈரமும் அதிகம். காலையில் பிடித்த நிலையம் மாலையில் அந்த இடத்தில் இருக்காது. மூங்கில் ஈரத்தை உறிஞ்சி உப்புகிறது என்று கண்டுபிடித்தேன். படகு கட்டும் லாவாய் என்பவரிடம் கேட்டேன். அவர் அந்தக் குழாயை அடுப்புக்கு மேலே புகையில் தொங்கவிடச் சொன்னார். பிறகு படகுக்குப் பூசும் டாமார் பிசினை உருக்கி உள்ளும் புறமும் பூசிக் கொடுத்தார். அதற்குப்பின் நிலையம் நகரவே இல்லை. இந்த யோசனையை உங்கள் படத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஊளை வரவில்லை. நுனிகளை மாற்றினேன். உடனே ஊரே திரும்பிப் பார்க்கும்படி ஊளையிட்டது. நாய்கள் பதில் சொல்லின. குச்சியால் மெல்லத் திருப்பினேன். கூச்சிங்கிலிருந்து கல்வி ஒலிபரப்பு வந்தது. ஆசிரியை ஒருத்தி மலாயில் "வணக்கம் மாணவர்களே" என்றதும் முன்வரிசைப் பிள்ளைகள் எழுந்து நின்று பதில் வணக்கம் சொன்னார்கள்.

பிள்ளைகள் போனபிறகு நான் மட்டும் திருப்பிக்கொண்டிருந்தேன். திடீரென்று தமிழ். மழை நிலவரம் வாசித்துக்கொண்டிருந்தார்கள். எந்த ஊர் மழையோ தெரியாது. நாகப்பட்டினம் என்ற ஒரு பெயர் மட்டும் காதில் விழுந்தது. நாலைந்து மாதமாக நான் தமிழில் வாய்திறந்தது உங்களுக்கு எழுதும்போது முணுமுணுத்ததுதான். அந்த மழையைக் கடைசிவரை கேட்டேன். உங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை.

அம்மா சொன்னதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

உங்கள்,
ஜெயபாலன்

*

பாராம் ஆறு
6.8.1978

அன்புள்ள நவமணி,

நல்ல செய்தி. உட்கார்ந்துகொண்டு படிக்கவும்.

போன மாதம் கல்வி அதிகாரி ஒருவர் பள்ளியைப் பார்வையிட வந்தார். கூடவே ஒரு செய்தியாளரும் வந்திருந்தார். நம் வானொலியைப் பார்த்துவிட்டு இருவரும் அசந்துபோனார்கள். ஆற்றின் மேல்பக்கம் உள்ள எந்தப் பள்ளியிலும் ஓடுகிற பெட்டி கிடையாதாம். பத்திரிகையில் படத்தோடு போட்டிருக்கிறார்கள். வெட்டி அனுப்பியிருக்கிறேன். படத்தில் நான் கொஞ்சம் கறுத்துத் தெரிகிறேன், வெயில்தான் காரணம்.

இதைவிடப் பெரிய செய்தி இது. ஈப்போ பக்கம் ஆசிரியர் பயிற்சியில் அறிவியல் கருவிகள் செய்யக் கற்றுக்கொடுக்க ஆள் தேடுகிறார்களாம். அதிகாரி என் பெயரை எழுதிவிட்டார். ஜனவரியில் பேராக்குக்கு வந்துவிடலாம். தையில் கல்யாணம், அதற்குப்பின் இந்த ஆறும் கடலும் நமக்கு நடுவில் இல்லை. அம்மாவுக்கும் எழுதிவிட்டேன். அண்ணனிடம் சொல்லுங்கள்.

உங்கள்,
ஜெயபாலன்

*

குனோங் ராபாட்
27.8.1978

அன்புள்ள ஜெயபாலன் அவர்களுக்கு,

பத்திரிகைச் செய்தியைப் படித்தேன். 'காட்டுக்குள் ஓர் ஆசிரியர் தாமே சிந்தித்து உருவாக்கிய வானொலி' என்று தலைப்பு. பத்திரிகையோ நூலோ உதவிக்கு இல்லாமல், பல இரவுகள் தனியாக யோசித்து வரைந்தாராம். வரைபடத்தின் படமும் இருக்கிறது. அது என் கையெழுத்து. கீழே நான் போட்ட என் பெயர் மட்டும் அதில் தெரியவில்லை. கத்தரித்துவிட்டார்களா, காகிதம் மடிந்திருந்ததா என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

அண்ணனிடம் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

நவமணி

*

பாராம் ஆறு
10.9.1978

அன்புள்ள நவமணி,

உங்கள் கடிதம் சுருக்கமாக இருந்தது. கோபம் புரிகிறது.

நான் பொய் சொல்லவில்லை. நீரே செய்தீரா என்று கேட்டார்கள். ஆம் என்றேன். நான்தானே செய்தேன். நீரே யோசித்தீரா என்று கேட்டபோது எங்கள் தலைமையாசிரியர் எனக்கு முன்னால் "ஆமாம், எல்லாம் இவர்தான்" என்று சொல்லிவிட்டார். அவர் பேச்சை அவர்கள் முன்னிலையில் எப்படி மறுப்பது. காகிதத்தை நான்தான் மடித்துக் கொடுத்தேன். ஏன் மடித்தேன் என்று என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை.

பிறகு இடமாற்றப் பேச்சு வந்தது. இப்போது போய் மாற்றிச் சொன்னால் அது போய்விடும். வழக்கமான வரிசையில் நின்றால் இன்னும் இரண்டு வருடம் ஆகும். யாருக்காக வாயைமூடிக்கொண்டு இருக்கிறேன்? சீக்கிரம் உங்களிடம் வந்து சேரத்தான். கல்யாணத்துக்குப் பிறகு நாம் இருவரும் ஒன்றுதானே. இதில் உன்னுடையது என்னுடையது என்று என்ன இருக்கிறது?

ஜெயபாலன்

*

குனோங் ராபாட்
20.9.1978

அன்புள்ள ஜெயபாலன் அவர்களுக்கு,

நாம் இருவரும் ஒன்று என்று எழுதியிருந்தீர்கள். அந்த ஒன்றுக்கு உங்கள் பெயரை மட்டும் வைத்திருக்கிறீர்கள்.

போன வருடம் எங்கள் ஃபேக்டரியில் ஒரு தகடு அடிக்கடி பழுதாகி வந்தது. ஈயம் வைக்கும் வரிசையை மாற்றினால் சரியாகும் என்று நான் மேற்பார்வையாளரிடம் சொன்னேன். சரியாகிவிட்டது. அறிவிப்புப் பலகையில் அவர் பெயர் வந்தது. நான் ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்கு வந்து சோறு இறங்கவில்லை. அன்றைக்கு அண்ணியிடம் சொன்னேன், இனிமேல் பேசாமல் இருக்கமாட்டேன் என்று. அவர் அந்நிய ஆள். நீங்கள் அப்படியில்லை.

மூங்கிலும் டாமாரும் உங்களுடையவை, லாவாயுடையவை. அவற்றை நான் ஒருநாளும் என் யோசனை என்று சொல்லமாட்டேன். அடிப்படை பத்திரிகையில் இருந்தது, அதை டார்ச் பேட்டரிக்கு மாற்றியது நான். இவ்வளவுதான் உண்மை. சொல்லக் கொஞ்ச நேரம்கூட ஆகாது.

சொன்னால் நீங்கள் ஜனவரியில் வரமுடியாது. எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதுகிறேன். இங்கே வந்தபின் ஆசிரியர்களுக்கு என் படத்தை உங்கள் படம் என்று தினமும் கற்றுக்கொடுப்பீர்கள். மாலையில் வீட்டுக்கு வருவீர்கள். அந்த வீட்டில் நான் இருக்கமாட்டேன். அண்ணன் அடித்துச் சொன்னாலும் இருக்கமாட்டேன்.

யோசித்து எழுதுங்கள். பெட்டியில் பேட்டரி பலவீனமானால் ஊளை குறையும். பிள்ளைகள் பாடம் தவறவிடாமல் புதியது போடவும்.

நவமணி

*

மாருடி
8.10.1978

அன்புள்ள நவமணி,

இதை மாருடி அங்காடிக் கடை ஒன்றில் உட்கார்ந்து எழுதுகிறேன். படகுக்காகக் காத்திருக்கிறேன்.

உங்கள் கடிதம் வந்த அன்று உங்கள்மேல் எனக்குக் கோபம்தான் வந்தது. இரண்டு நாள் அப்படியே இருந்தது. மூன்றாம் நாள் வகுப்பில் ஒரு பெண்பிள்ளை, "இந்தப் பெட்டி உங்களுக்கு எப்படித் தோன்றியது சார்?" என்று கேட்டாள். பத்திரிகைச் செய்தியைச் சுவரில் ஒட்டிவைத்திருந்தேன், அதைப் படித்துவிட்டுக் கேட்டாள். என்னால் அவளுக்குப் பதில் சொல்ல முடியவில்லை. அதிகாரி முன்னால் வாய் மூடியது வேறு. ஒரு சின்னப் பிள்ளை முன்னால் மூடியது எனக்கே பிடிக்கவில்லை. செய்தியைச் சுவரிலிருந்து எடுத்துவிட்டேன். உங்கள் படத்தைப் பிரித்து, உங்கள் பெயர் தெரியும்படி அதே இடத்தில் ஒட்டினேன். நான் கட்டிக்கொள்ளப் போகிறவர் வரைந்தது என்று சொன்னேன். அவள் உங்கள் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

பிறகு விடுப்பு எடுத்துக்கொண்டு படகில் ஆற்றோடு இறங்கி மாருடிக்கு வந்தேன். அதிகாரி முழுவதையும் கேட்டார். திட்டவில்லை. "ஏன் அப்போதே சொல்லவில்லை?" என்றார். "சொல்ல வெட்கமாக இருந்தது. பிறகு ஊருக்குப் போகலாம் என்று ஆசை வந்துவிட்டது" என்றேன். "அந்த ஆசை எனக்குப் புரிகிறது. ஆனால் பரிந்துரையை நான் திரும்பப் பெற்றுத்தான் ஆகவேண்டும்" என்றார். பெற்றுவிட்டார். பத்திரிகைக்கும் திருத்தம் எழுதிப் போட்டேன். வெளியிடுவார்களா என்று தெரியாது.

எழுந்து வரும்போது அவர் கூப்பிட்டு, வரைந்தவரின் சம்மதம் இருந்தால் மற்றப் பள்ளிகளுக்கும் அந்தப் படத்தைப் பிரதியெடுத்து அனுப்பலாமா என்று கேட்டார். அவரையே கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

ஆகவே இன்னும் இரண்டு வருடம் நான் இங்கேதான். உங்களைக் காத்திருக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வேறு இடம் பார்ப்பதானால் குறை சொல்லமாட்டேன், அண்ணனுக்கு நானே எழுதி என் தவறைச் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு எப்படி எழுதுவதென்றுதான் தெரியவில்லை. இரண்டு முறை ஆரம்பித்துக் கிழித்துவிட்டேன்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். அதிகாரியின் அறையிலிருந்து வெளியே வந்தபோது நன்றாகப் பசித்தது. ஒரு மாதமாக எனக்குச் சரியாகப் பசிக்கவில்லை.

ஜெயபாலன்

*

குனோங் ராபாட்
22.10.1978

அன்புள்ள ஜெயபாலன்,

படத்தைப் பிரதியெடுக்க எனக்குச் சம்மதம். மூங்கில் செய்முறையைச் சேர்த்து, உங்கள் பெயரும் லாவாயின் பெயரும் போட்டு, புதிதாக வரைந்து இத்துடன் வைத்திருக்கிறேன். மைலோ டின் கூடாது என்று கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறேன்.

உங்கள் அம்மாவுக்கு நீங்கள் எழுத வேண்டாம். நாலு நாளைக்கு முன் காம்பாருக்குப் பஸ் ஏறிப் போய் நானே சொல்லிவிட்டேன். அண்ணனும் அண்ணியும் என்னோடு வருவதாகச் சொன்னார்கள். வேண்டாம் என்றேன்.

அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நானும் உட்கார்ந்து கொஞ்சம் ஆய்ந்தேன். பிறகு சொன்னேன்.

"அவரு ஜனவரியில வரமாட்டாரும்மா. இன்னும் ரெண்டு வருஷம் அங்கதான். காரணம் நான்தான்."

நடந்ததை ஒன்றும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். அம்மா கீரையைக் கீழே வைத்தார்.

"அவன் பொய் சொன்னானா?"

"பொய் சொல்லலம்மா. மத்தவங்க சொன்னதெ மறுக்கல. இப்ப அவரே போயி மறுத்துட்டு வந்துட்டாரு."

மறுபடி கீரையை எடுத்து ஆய்ந்தார். நான் எழுந்து போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். பிறகு மெதுவாகச் சொன்னார். "அவங்க அப்பாவும் இப்பிடித்தான். தோட்டத்துல கணக்கெழுதுற கிராணி என்னா சொன்னாலும் தலையாட்டிட்டு வந்துருவாரு. வீட்டுக்கு வந்து படுத்துக்குவாரு. நானும் ஒருநாளு கேட்டதில்ல. கேட்டா சண்டை வரும்னு பயம். நீ கேட்டுட்டே. அவனும் போயி சொல்லிட்டான்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். அழுதாரா, கீரைத்தூசியா என்று நான் பார்க்கவில்லை.

அடுத்து என் விஷயத்தைச் சொன்னேன். தைவரை எதற்குத் தள்ள வேண்டும், பள்ளி விடுமுறையில் அவர் வரும்போது கார்த்திகையிலேயே கல்யாணத்தை முடித்துவிடலாம் என்றேன். அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"பொண்ணே வந்து தேதி கேக்குறதெ இப்பத்தான் பாக்குறேன்."

"நீங்க சொல்லுங்கம்மா, முடியாதுன்னா விட்டுருவோம்."

"முடியாதுன்னு யாரு சொன்னா. கல்யாணம் முடிஞ்சு அவன் அந்தப் பக்கம் போயிட்டா நீ என்னா பண்ணுவே?"

"வேலைக்குப் போவேன்."

"ஆமா. பின்னே ரெண்டு வருஷம் வீட்டுல உக்காந்து மொகத்தையா தெளியவைப்பே?" என்று சொல்லிவிட்டு, "இருந்து சாப்ட்டுப் போ" என்றார். கீரை நன்றாக இருந்தது.

வேறு இடம் பார்க்கலாம் என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியைப் படித்ததும் அண்ணன் சிரித்தார். "அவரு ஆத்துல எறங்கி வந்து ஒத்துக்கிட்ட ஆளு. இனிமே எங்க போயி தேடுறது" என்றார். எனக்கும் அதே எண்ணம்தான். நீங்கள் அதிகாரியிடம் சொன்னதைவிட அந்தப் பிள்ளையிடம் சொன்னதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. அவள் பெயரை அடுத்த கடிதத்தில் எழுதுங்கள். அவளுக்கு விருப்பமானால் ஒரு சின்ன ஈயம் வைக்கும் கருவி அனுப்புகிறேன்.

இரண்டு வருடம் நீங்கள் அங்கும் நான் இங்கும் இருப்போம். விடுமுறைக்கு நீங்கள் வருவீர்கள், ஒரு விடுமுறைக்கு நான் வருவேன். எனக்கும் அந்த ஆற்றைப் பார்க்க வேண்டும். ஊர் நாலு பேசும். பேசட்டும். நமக்குக் கடிதம் எழுதப் பழகிவிட்டது.

கார்த்திகை இரண்டாம் வாரத்தில் முகூர்த்தம் பார்த்திருக்கிறார்கள். கல்லுமலை கோயில். கல்யாணப் பத்திரிகை அச்சுக்குப் போய்விட்டது, அதில் இருவர் பெயரும் ஒரே அளவு எழுத்தில் இருக்கும்படி நானே அச்சகத்தில் சொல்லிவிட்டு வந்தேன்.

பள்ளி மூடிய மறுநாளே புறப்படுங்கள். அவர்கள் ரத்து செய்தது உங்கள் இடமாற்றத்தைத்தான். விடுமுறையை யாரும் ரத்து செய்யவில்லை.

உங்கள்,
நவமணி